மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் தரவை ஊழியர்கள் தேடி எடுக்க எந்த வழி சரி?

சிங்கப்பூரின் எந்தப் பொது மருத்துவமனையிலும், ஒரு நோயாளி வார்டுக்கு வந்து சேர்ந்த அன்றே அவரைப் பற்றி ஏராளமான தகவல்கள் கணினியில் ஏறிவிடுகின்றன. எடை, ஒவ்வாமை, கீழே விழும் அபாய மதிப்பெண், படுக்கைப் புண் அபாயம், எந்த மொழியில் பேசினால் வசதி, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று தாதி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிகிறார். சில மாதம் கழித்து அதே வார்டில் ஒரு தர மேம்பாட்டுத் திட்டம் தொடங்குகிறது. முதல் வேலையாக ஒரு படிவம் அச்சடிக்கிறார்கள். அதில் மறுபடியும் எடை, விழும் அபாயம், மொழி. அதே தாதி அதே கேள்விகளை மறுபடியும் கேட்டு நிரப்புகிறார்.

இதில் யாருடைய அலட்சியமும் இல்லை. திட்டத்தை நடத்துபவருக்கு அந்தத் தகவல் ஏற்கெனவே இருப்பது தெரியாது. தெரிந்தாலும் எந்தக் கணினி முறைமையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று தெரியாது. யாரிடம் கேட்பது, கேட்டால் தப்பாகிவிடுமோ என்ற தயக்கம் வேறு. ஒரு வார்டில் இப்படி வீணாகும் தாதியர் நேரம் நோயாளியின் பக்கத்தில் இருந்து பிடுங்கப்பட்ட நேரம். எனக்கு இதில் இருக்கும் ஆதங்கம் அதுதான். வார்டில் தாதியாக வேலை பார்த்துவிட்டுத் தர மேம்பாட்டுப் பணிக்கு வந்தவள் நான். இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

இதைச் சரிசெய்ய நினைக்கும் ஒரு துறைத் தலைவருக்கோ தாதியர் மேலாளருக்கோ பொதுவாக நான்கு வழிகள் காட்டப்படுகின்றன. மைய தரவுக் குழுவிடம் விண்ணப்பிக்கும் முறையைப் பலப்படுத்துவது முதல் வழி. எல்லாருக்கும் டேஷ்போர்டு, அதாவது முக்கிய எண்களையும் வரைபடங்களையும் ஒரே பார்வையில் காட்டும் கணினித் திரை, செய்து தருவது இரண்டாவது. என்னென்ன தரவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரிப்பது மூன்றாவது. சாதாரணப் பேச்சில் கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை வாங்குவது நான்காவது. நான்கிலும் ஒரே நேரத்தில் கைவைக்கப் பணமும் ஆளும் எந்த மருத்துவமனைக்கும் கிடையாது. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழியின் ஒரு சிறிய, எளிய வடிவத்தில் தொடங்க வேண்டும். அது தரவு அட்டவணைகளின் பட்டியலாக இருக்கக்கூடாது. இதுவரை ஊழியர்கள் கேட்ட கேள்விகளின் பதிவேடாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வார்டு வேலை தெரிந்த ஓர் ஆள் வேண்டும். டேஷ்போர்டும் செயற்கை நுண்ணறிவும் அதன் மேல் கட்டப்பட வேண்டியவை. ஏன் என்று பார்ப்போம்.

கீழே விழுந்தவர்களின் கணக்கு

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வார்டில் நோயாளிகள் எந்த நேரத்தில் அதிகம் விழுகிறார்கள்?

கேள்வி எளிது. பதிலுக்கு வேண்டிய தரவும் நிறையவே இருக்கிறது. யாராவது விழுந்தால் சம்பவ அறிக்கை எழுதப்படுகிறது. தாதியர் குறிப்பில் ஒரு வரி வருகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எழுதுகிறார். அபாய மதிப்பெண் திருத்தப்படுகிறது. ஒரு சம்பவம், நான்கு இடங்களில் தடம்.

சம்பவ அறிக்கையை எடுத்தால் அதில் இரண்டு நேரங்கள் இருக்கும்: சம்பவம் நடந்த நேரம், அறிக்கை பதிவான நேரம். வார்டு வேலை தெரியாத ஒருவர் கணினி தானாகப் போடும் இரண்டாவது நேரத்தையே நம்புவார். அதுதான் ஒரு பதிவில்கூட விடுபடாமல், ஒழுங்காக இருக்கும். அதை வைத்து வரைபடம் போட்டால் ஷிப்ட் முடியும் நேரங்களில் உச்சம் தெரியும். பணி ஒப்படைக்கும் நேரம்தான் ஆபத்தானது என்று முடிவெடுத்து, ஒப்படைப்பு முறையையே மாற்றப் புறப்பட்டுவிடலாம். ஆனால் தாதிக்குத் தெரியும், விடியற்காலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் விழுந்தால், முதலில் அவரைத் தூக்கிப் படுக்கவைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, மருத்துவரை அழைத்து, குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் அறிக்கையில் உட்கார முடியும். அதற்குள் ஷிப்ட் முடிந்திருக்கும். வரைபடத்தில் தெரியும் உச்சம் அறிக்கை எழுதும் நேரத்தின் உச்சம்.

இன்னொன்று. தடுமாறிய நோயாளியைத் தாதி தாங்கிப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்காரவைத்தால் அது விழுதலா? பல மருத்துவமனைகள் அதையும் கணக்கில் சேர்க்கின்றன. சேர்க்காத வார்டையும் சேர்க்கும் வார்டையும் ஒப்பிட்டால், நேர்மையாக எழுதும் வார்டுதான் மோசமானதாகத் தெரியும். பிறகு, எண்ணிக்கையை 1,000 நோயாளி-நாள்களுக்கு எத்தனை என்று கணக்கிடுவது வழக்கம் (ஒரு நோயாளி ஒரு நாள் வார்டில் இருந்தால் அது ஒரு நோயாளி-நாள்). நள்ளிரவில் படுக்கையில் இருப்பவர்களை மட்டும் எண்ணி நோயாளி-நாளைக் கணக்கிட்டால், காலையில் வந்து மாலையில் போகும் நோயாளிகள் அதில் வரமாட்டார்கள். அவர்கள் விழுந்தது மட்டும் விழுந்தவர்களின் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும்.

பல முறைமைகளின் தரவையும் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் தரவுக் கிடங்கில் இவற்றில் எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. எல்லாம் வார்டில் இருப்பவர்களின் தலைக்குள் இருக்கிறது. ஆகவே நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது தேடிய தரவு கிடைக்கிறதா என்பதோடு நிறுத்த முடியாது. கிடைத்ததன் அர்த்தம் புரிகிறதா, அதைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒருவர் பட்ட பாடு அடுத்தவருக்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன.

தரவுக் குழுவிடம் விண்ணப்பிப்பது

இதுதான் இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் வழி. ஒரு படிவம், ஒரு வரிசை, வரிசையின் முடிவில் ஓர் எக்செல் கோப்பு. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு முறைமைகள் தெரியும், பாதுகாப்பு விதிகள் தெரியும். தவறான ஆளிடம் தவறான தகவல் போகாமல் காப்பதும் அவர்கள்தான்.

சிக்கல் கேட்பவரின் பக்கம் இருக்கிறது. உணவியல் நிபுணர் ஒருவர் “நீரிழிவு நோயாளிகளின் பட்டியல்” என்று விண்ணப்பிக்கிறார். டிஸ்சார்ஜ் ஆகும்போது பதிவான நோய்க் குறியீட்டை வைத்தா? எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை முடிவை வைத்தா? மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை வாங்கியவர்களையா? கால் எலும்பு முறிந்து வந்தவருக்கு நீரிழிவு இருந்தாலும் அது குறியீட்டில் ஏறாமல் போகலாம். மெட்ஃபார்மின் வேறு சில காரணங்களுக்கும் தரப்படும். மூன்று முறையில் எடுத்தால் மூன்று பட்டியல்கள் வரும். எது வேண்டும் என்று தரவுக் குழு திருப்பிக் கேட்கிறது, நிபுணர் இரண்டு நாள் கழித்துப் பதில் போடுகிறார், வரிசை நகர்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு பிறகு நடக்கிறது. பலமுறை கடிதம் போய்வந்து, எந்தப் பட்டியல் சரி என்று ஒரு தெளிவு பிறந்திருக்கும். அந்தத் தெளிவு இரண்டு பேரின் அஞ்சல் பெட்டியில் கிடந்து மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வேறொரு வார்டு அதே கேள்வியோடு வரும்போது எல்லாம் முதலிலிருந்து. தரவுக் குழுவில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் வரிசை குறையும், இந்த இழப்பு குறையாது.

டேஷ்போர்டு

திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விக்கு டேஷ்போர்டைவிட நல்லது எதுவும் இல்லை. எத்தனை படுக்கை காலி, அவசரப் பிரிவில் எத்தனை பேர் வார்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பவற்றைத் தினமும் யாரோ ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பொது மருத்துவமனைகளின் படுக்கை நிரம்பிய விகிதத்தையும் வார்டில் சேரக் காத்திருக்கும் நேரத்தையும் சுகாதார அமைச்சே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறது. இதற்குப் பின்னால் பெரிய தரவுக் கிடங்குகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. பொது மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்றான சிங்ஹெல்த்தின் இஹின்ட்ஸ் அதற்கு ஓர் உதாரணம். ஆக, தொழில்நுட்பம் இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சிகிச்சையை மேம்படுத்தும் கேள்விகள் பெரும்பாலும் ஒருமுறை எழுபவை. இந்த வார்டில், இந்த வகை நோயாளிக்கு, இந்த மாதிரி ஏன் நடக்கிறது என்று கேட்பவை. டேஷ்போர்டு அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கென ஒன்று கேட்டுவாங்க, கொஞ்ச நாளில் யாரும் திறக்காத டேஷ்போர்டுகள் குவியும். “டிஸ்சார்ஜ் நேரம்” என்று இரண்டு டேஷ்போர்டுகளில் இருக்கும். ஒன்றில் மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிய நேரம். இன்னொன்றில் படுக்கை காலியானதாகப் பதிவான நேரம். இடையில் மருந்து வரவேண்டும், கட்டணம் முடியவேண்டும், மகன் வேலை முடிந்து வந்து அழைத்துப்போக வேண்டும். இரண்டு எண்களும் சரி. கூட்டத்தில் இரண்டு துறைகளும் சண்டை போட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

டேஷ்போர்டைத் திறக்கும் தாதிக்கு அந்த எண் எப்படி வந்தது என்று ஒரே சொடுக்கில் தெரியும்படி செய்தால் இந்தச் சண்டையில் பாதி தீரும். அந்த விளக்கம் எங்கோ எழுதப்பட்டிருந்தால்தானே காட்டமுடியும்?

பட்டியல், அதில் எந்த வகை

தரவைக் கண்டுபிடிக்கவும், எட்டவும், இணைக்கவும், மீண்டும் பயன்படுத்தவும் முடிய வேண்டும் என்ற நான்கு கோட்பாடுகள் 2016ல் ஓர் ஆய்விதழில் வெளிவந்து உலகம் முழுதும் பரவின. அதிலிருந்து தரவுப் பட்டியல் மென்பொருள்களுக்கும் கிராக்கி. மென்பொருளைக் கிடங்கோடு இணைத்தால் அது எல்லா அட்டவணைகளையும் தானே படித்து ஆயிரக்கணக்கான வரிகளில் பட்டியல் போட்டுவிடும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் வரிகளின் பெயர்கள் கணினிக்காரர் வைத்த சுருக்கங்கள். “விளக்கம்” என்ற கட்டம் காலியாக இருக்கும். நிரப்பச் சொல்லி எல்லாத் துறைகளுக்கும் கடிதம் போகும். வேலை நெருக்கடியில் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒரு தாதி ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து, ஒன்றும் புரியாமல் வெளியே வருவார். திரும்பப் போக மாட்டார்.

நான் சொல்லும் பதிவேடு வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. யாராவது உண்மையாகவே ஒரு கேள்வி கேட்டு, பதில் கிடைத்த பிறகு, அந்தப் பயணம் ஒரு பக்கத்தில் எழுதப்படுகிறது. என்ன கேட்டார்கள், எங்கே கிடைத்தது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, யாருக்கு இதில் விவரம் தெரியும். அவ்வளவுதான். கேட்கப்படாத அட்டவணைகளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால்தான் புரியும். இளம் மருந்தாளர் ஒருவர் மூத்த தாதி ஒருவரிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“அக்கா, தமிழ் மட்டுந்தான் பேசுவாங்கன்னு இருக்கிற பேஷன்ட்ஸ் எத்தன பேருன்னு எங்கயாச்சும் கிடைக்குமா? மருந்துச் சீட்டு இங்கிலீஷ்ல கொடுத்து அனுப்பிடுறோம். வீட்ல போய் என்ன பண்றாங்கன்னே தெரியல.”

“அட்மிஷன்லயே நாங்க கேக்குறோமே தம்பி. எந்த மொழியில பேசணும்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. யாரும் எடுத்துப் பாக்குறதில்ல.”

இந்த இரண்டு வரிப் பேச்சில் கிடைத்தது எந்த மென்பொருளாலும் கிடைத்திருக்காது. இது பதிவேட்டில் எப்படி ஏறும்?

கேள்வி: தமிழில் விளக்கம் தேவைப்படும் நோயாளிகளை டிஸ்சார்ஜுக்கு முன்பே அடையாளம் காண முடியுமா? இருக்கும் இடம்: தாதியர் சேர்க்கை மதிப்பீட்டுப் படிவம், விருப்ப மொழிக் கட்டம். மருந்தகத்தின் திரையில் இது தெரியாது. கவனிக்க வேண்டியவை: மகனோ மகளோ பதில் சொன்னால் ஆங்கிலம் என்று பதிவாகிவிடுவதுண்டு. இரவில் அவசரமாகச் சேர்ந்தவர்களுக்குக் கட்டம் காலியாக இருக்கும். காலி என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம், ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இனம் என்ற கட்டத்தில் இந்தியர் என்று இருப்பதை வைத்துத் தமிழ் என்று முடிவு செய்யக்கூடாது. வீட்டில் மலையாளமோ பஞ்சாபியோ குஜராத்தியோ பேசுபவராக இருக்கலாம். பேச வரும் மொழி வேறு, படிக்க வரும் மொழி வேறு. படிக்கத் தெரியுமா என்று படிவம் கேட்பதில்லை. அனுமதி: வார்டுவாரியாக எண்ணிக்கை கேட்கும்போது மிகச் சிறிய எண்களை மறைக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்: சேர்க்கைப் படிவத்துக்குப் பொறுப்பான தாதி.

கடைசிக்கு முந்தைய வரிக்குக் காரணம் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுபவர்கள் 2.5 விழுக்காடுதான். ஒரு வார்டில், ஒரு மாதத்தில், இந்த நோயோடு, தமிழ் மட்டும் பேசும் நோயாளிகள் என்று சொன்னால் ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள். பெயரை நீக்கிவிட்டாலும் அது யார் என்று வார்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கட்டத்தை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். ஒரு பாட்டி தனக்குத் தமிழ்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார். தாதி அதைக் கேட்டுப் பதிந்திருக்கிறார். அவர் வீடு திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் தாளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. புதிய தரவு எதுவும் இதற்குத் தேவையில்லை.

இப்படி ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் போதும். அடுத்து வரும் உணவியல் நிபுணருக்கும் இயன்மருத்துவருக்கும் அதே பக்கம் அப்படியே பயன்படும். நான்கு வழிகளில், ஒருவர் பட்ட பாடு அடுத்தவருக்கு மிச்சமாவது இதில்தான்.

எழுதிவைத்த வரையறையின் வலிமைக்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968ல் தொடங்கியது. எது புதிய புற்றுநோய், எது பழையது பரவியது, எந்தத் தேதியை எடுப்பது என்பதற்கெல்லாம் விதி எழுதி, பயிற்சி பெற்ற பதிவாளர்களை வைத்துச் செய்த வேலை அது. அதனால்தான் பல பத்தாண்டு எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடிகிறது. வார்டுத் தரவுக்கு அந்த அளவு கடுமை தேவையில்லை. ஆனால் ஒரு பக்கமாவது எழுதிவைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பதிவேட்டை யாராவது பார்த்துக்கொள்ளாவிட்டால் ஓர் ஆண்டில் பழசாகிவிடும். படிவம் மாறும், முறைமை மாறும். இன்னொரு குழுமமான தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பின் மருத்துவமனைகள் 2022 முதல் புதிய மின்னிலக்க மருத்துவப் பதிவு முறைக்கு மாறத் தொடங்கியதை இங்கே பலரும் அறிவார்கள். அப்படி ஒரு மாற்றம் வந்தால் “இருக்கும் இடம்” என்ற வரியெல்லாம் திருத்தப்பட வேண்டும். “கவனிக்க வேண்டியவை” பெரும்பாலும் அப்படியே நிற்கும், ஏனென்றால் அவை மனிதர்கள் வேலை செய்யும் விதத்தைப் பற்றியவை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது

தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு 2023லேயே ரஸ்ஸல்-ஜிபிடி என்ற கருவியைத் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது. நோயாளிக் குறிப்புகளைச் சுருக்கித் தரவும் கடிதங்கள் எழுதவும் இவ்வகைக் கருவிகள் நன்றாகவே உதவுகின்றன. “எங்கள் வார்டில் எப்போது அதிகம் விழுகிறார்கள்?” என்று தட்டச்சு செய்தால் வரைபடமே வந்துவிடும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறப்பது.

விழுந்தவர்களின் கணக்குக்குத் திரும்புவோம். இரண்டு நேரங்களில் எதை எடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. கருவி ஒன்றை எடுக்கும். விடுபடாத, ஒழுங்கான நேரத்தையே எடுக்க வாய்ப்பு அதிகம். தரவுக் குழுவில் ஒரு மனிதர் இருந்தால் சந்தேகம் வந்து திருப்பிக் கேட்பார். கருவி அழகான வாக்கியத்தில் பதிலைக் கொடுத்துவிடும், படிப்பவருக்குச் சந்தேகமே வராது. பதிவேட்டுப் பக்கங்கள் இருந்தால் நிலைமை மாறும். கருவி அவற்றைப் படித்து, “இதே கேள்வியைப் போன ஆண்டு வேறொரு வார்டு கேட்டது, இந்த நேரத்தை எடுக்க வேண்டும்” என்று சொல்ல முடியும். தேடுவதற்கு அதைவிட நல்ல துணை இருக்காது. அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. வெளியே கிடைக்கும் கருவியில் நோயாளித் தகவலை ஒட்டிக் கேட்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மருத்துவமனைக்குள்ளேயே இயங்கும் கருவி வேண்டும், அதற்குச் செலவும் காலமும் ஆகும்.

அனுமதியும் அச்சமும்

2018 ஜூன், ஜூலையில் சிங்ஹெல்த் தரவுத்தளம் ஊடுருவப்பட்டது. சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் களவுபோயின. அவர்களில் சுமார் 160,000 பேரின் வெளிநோயாளி மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் இருந்தது. அதைத் தொடர்ந்து பொதுச் சுகாதாரத் துறையின் பணிக் கணினிகளில் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம், தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாக இருந்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. அந்த நிறுவனம்தான் 2023 முதல் சினாப்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

அந்தப் பாடம் தேவையானது. ஆனால் வார்டில் அது “தரவைத் தொடாதே” என்று மட்டும் பதிந்துவிட்டது. கேட்கவே பயப்படும் ஊழியர், காகிதப் படிவம் அச்சடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்கிறார். நோயாளி விவரம் பாதுகாப்பாக இருப்பது அந்த இழுப்பறையிலா, பூட்டிய கிடங்கிலா என்று நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் எல்லாக் கதவுகளையும் அடைக்கவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு நிறுவனம் தன் சேவையை மேம்படுத்தத் தன்னிடம் உள்ள தகவலைச் சில நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று ஒரு விதிவிலக்கு சேர்ந்தது. ஆய்வு என்றால் பாதை வேறு: 2015ன் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டமும் நெறிமுறைக் குழுவும் வரும். எது மேம்பாடு, எது ஆய்வு என்ற எல்லைக்கோட்டில் சந்தேகம் வந்தால் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தைக் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நோயாளியைப் பற்றி வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள விவரங்களை ஒன்றாகக் காட்டும், 2011 முதல் இயங்கும் தேசிய மின்னிலக்க சுகாதாரப் பதிவேட்டை இந்த வேலைக்குத் திறந்து பார்க்கவே கூடாது. அது கண்முன் இருக்கும் நோயாளியின் சிகிச்சைக்காக மட்டும் உள்ளது, யார் திறந்தார்கள் என்பதும் பதிவாகும்.

இந்த இடத்தில் கேள்விப் பதிவேட்டுக்கு மற்ற மூன்று வழிகளுக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அதில் நோயாளி விவரம் ஒன்றுகூட இல்லை. தரவு எங்கே இருக்கிறது, அதன் அர்த்தம் என்ன என்பது மட்டுமே உண்டு. ஆகவே தரவைப் பூட்டியே வைத்துவிட்டு, பதிவேட்டை எல்லா ஊழியருக்கும் திறந்துவிடலாம். பயிற்சித் தாதி முதல் மூத்த மருத்துவர் வரை யாரும் படிக்கலாம். என்ன கேட்கலாம், எந்தப் படிவத்தில் கேட்கலாம், எவ்வளவு விவரம் வரை கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அச்சமும் பாதி குறையும்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

சமூக மருத்துவமனை அல்லது தாதிமை இல்லம் போன்ற சிறிய இடமாக இருந்தால் எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். உள் வலையமைப்பில் ஒரு பகிர்வுக் கோப்புறை, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், அதுவே போதும். தரவுக் குழு என்று தனியாக இருக்காது என்பதால் மருத்துவப் பதிவுப் பிரிவில் நீண்ட காலம் இருப்பவரைப் பொறுப்பாக்கலாம். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

பெரிய மருத்துவமனையில் ஒரே ஓர் ஊழியரின் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தரவுக் குழுவில் இன்னொரு பகுப்பாய்வாளரைச் சேர்க்கத்தான் முதலில் தோன்றும். நானாக இருந்தால், வார்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு தாதியையோ மருந்தாளரையோ தரவுக் குழுவின் பக்கத்தில் உட்காரவைப்பேன். விண்ணப்பம் வரிசைக்குப் போகும் முன்பே அவர் பேசி, கேள்வியைச் செதுக்கி, பதிவேட்டில் இதுபோல் ஏற்கெனவே உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் முடிந்த பிறகு எழுதிவைப்பார். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் கணினி மொழியான எஸ்கியூஎல் அவருக்கு முழுதாகத் தெரிய வேண்டியதில்லை, அதைக் கற்றுக்கொள்ளலாம். அறிக்கை ஏன் ஷிப்ட் முடிவில் குவிகிறது என்பதை வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியாது. அந்தப் பொறுப்பை ஆளின் பெயரில் வைக்காமல் பதவியின் பெயரில் வைக்க வேண்டும், அவர் மாற்றலாகிப் போனாலும் வேலை நிற்காது.

தரவுக் குழு ஏற்கெனவே பலமாக இருந்து, விண்ணப்பங்களும் ஓரளவு விரைவாகவே முடிகின்றன என்றால், ஆள்கூடத் தேவையில்லை. விண்ணப்பத்தை முடித்து மூடும் முன் அந்த ஒரு பக்கத்தை எழுதுவது கட்டாயம் என்று ஒரு விதி போட்டால் போதும்.

டேஷ்போர்டுக்கு நான் வைக்கும் நிபந்தனை, ஒரே கேள்வி பதிவேட்டில் மூன்றாவது முறையாக வந்திருக்க வேண்டும். அப்போது எண்ணின் விளக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், அதைத் திரையில் சேர்ப்பது எளிது. பட்டியல் மென்பொருளைப் பற்றி, பக்கங்கள் பெருகி ஊழியர்கள் தேட முடியாமல் திணறும்போது யோசிக்கலாம். செயற்கை நுண்ணறிவை அதற்கும் பிறகு.

குழுமம் முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2017ல் அறிவித்த சீரமைப்பால் பொதுச் சுகாதாரம் மூன்று குழுமங்களாக இருப்பதால் ஆசை நியாயமானதுதான். ஆனாலும் ஒரு மருத்துவமனையில் ஒரு துறையோடு தொடங்குவதே நல்லது. படிவம் ஒன்றாக இருந்தாலும் அதை நிரப்பும் பழக்கம் வார்டுக்கு வார்டு வேறு. அந்தப் பழக்கத்தை எழுதாத பதிவேட்டால் பயன் குறைவு.

முதல் பக்கங்களுக்காகப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். கடந்த ஓர் ஆண்டில் தரவுக் குழுவுக்கு வந்த விண்ணப்பங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வந்தவற்றைத் தனியாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேட்டவரோடும், அந்தத் தரவை முதலில் பதிந்த தாதியோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். விண்ணப்பத்தில் எழுதியிராத தகவல்கள் அந்தப் பேச்சில்தான் வெளிவரும். அவற்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே “கவனிக்க வேண்டியவை” பகுதியில் எழுதிவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எடுக்கலாம்.